விதைக்கு விட்ட பூ

நர்சரியில் ஜின்னியா நாற்று வாங்கும்போது, அடுத்த வருடத்துக்கு இதிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இது ஹைபிரிட்டுக்கா, விதை எடுத்துப் போட்டா இதே பூ வராது." அதே தெருவில், ஏதோ ஒரு மதில் ஓரம் அந்திமந்தாரை பல வருடமாகத் தானே விதை உதிர்த்து, தானே முளைத்து, அதே ராணி நிறத்தில் பூத்துக்கொண்டிருக்கும். இரண்டுமே உண்மை. வீட்டில் எடுத்த விதையை நம்பலாமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. செடிக்குச் செடி பதில் மாறும். அந்தப் பதில்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. நம் தோட்டங்களில் விதை கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் விதை அல்ல. எந்தப் பூவை விதைக்கு விடுகிறோம் என்பதுதான்.

விதையால் வளர்க்க முடியாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். குண்டுமல்லி நம் ஊரில் காய்ப்பதே அரிது. ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பகுதியில் வேர்பிடிக்க வைத்த நாற்றுகளைத்தான் மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர்கள் வாங்கிப் போய் நடுகிறார்கள். செம்பருத்தி, காகிதப்பூ, அடுக்கு நந்தியாவட்டை எல்லாம் குச்சியிலோ பதியனிலோ வருபவை. சாமந்தி பக்கக்கன்றில் வருவது. ரோஜாவின் பழத்தில் விதை இருக்கும். ஈரமணலோடு சில வாரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அது முளைக்கவும் செய்யும். ஆனால் வருவது இன்னொரு ரோஜா; நீங்கள் ஆசைப்பட்ட அந்த ரோஜா அல்ல. கனகாம்பரத்திலேயே இரண்டு கதை உண்டு. டெல்லிக் கனகாம்பரம் என்று விற்கும் வகையின் செல்களில் குரோமோசோம் தொகுதி மூன்று. மூன்றை இரண்டாகச் சரிபாதி பிரிக்க முடியாது என்பதால் அதில் நல்ல மகரந்தமும் சூலும் உருவாவதில்லை. அதில் விதை தேடிப் பயனில்லை, குச்சிதான் வழி.

சாதாரண ஆரஞ்சுக் கனகாம்பரத்தில் விதை எடுப்பதோ பார்க்கவே அழகான காரியம். பூ உதிர்ந்த கதிர் அடியிலிருந்து பழுப்பேறி, விரலில் சொரசொரப்பாகப் படும். காய்ந்த காயின் மேல் தண்ணீர் பட்டால் அது வெடிக்கும். மழையிலோ பூவாளித் தண்ணீரிலோ நனைந்த சற்று நேரத்தில் விதை தெறித்துத் தொட்டிக்கு வெளியே போய்விடும். அதனால் காலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கதிரை நறுக்கி, மூடி போட்ட டிபன் பாக்ஸில் வைத்து, நாலு சொட்டுத் தெளித்து மூடிவிட வேண்டும். உள்ளே பொட்டு பொட்டென்று சத்தம் கேட்கும். சத்தம் அடங்கியபின் திறந்தால், பிளந்த காய்களுக்கு நடுவே தட்டையான விதைகள் கிடக்கும். நனைந்த விதை என்பதால் அன்றைக்கே நிழலில் பரப்பிவிட வேண்டும்.

இனி மூலக் கேள்விக்கு வருவோம்: தாயைப் போலவே பிள்ளை வருமா? தாய் எதுவென்று நமக்குத் தெரியும். காயைப் பறித்ததே அதிலிருந்துதான். தெரியாதது தகப்பன். சங்குப்பூவில் மொட்டு விரிவதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்து, அந்தப் பூவின் தூளே அந்தப் பூவின் சூல்முடியில் படிந்துவிடுகிறது. நீலச் சங்கும் வெள்ளைச் சங்கும் ஒரே பந்தலில் படர்ந்தாலும் விதை பெரும்பாலும் தன் நிறத்தை விடாது. ஜின்னியா, காஸ்மாஸ், செண்டுமல்லி ஆகியவற்றில் கதை நேர்மாறு. அங்கே தகப்பனைத் தீர்மானிப்பது தேனீயும் வண்ணத்துப்பூச்சியும்தான். பக்கத்து வீட்டு மாடியில் வேறு நிறம் பூத்திருந்தால் அதுவும் உங்கள் விதைக்குள் வந்து சேரும். ஒரு நிறத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மொட்டிலேயே வலைத்துணியால் மூட வேண்டும். கல்யாண வீடுகளில் தாம்பூலம் வைத்துத் தரும் வலைச் சுருக்குப்பை இதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். பை போட்டால் பூச்சி வராது. ஒரே நிறத்தில் வேறொரு செடியின் பூவைக் கிள்ளி வந்து, பூவோடு பூவாக மெல்லத் தேய்த்துவிடுவது நம் வேலை.

தகப்பனே கணக்கில் வராத இடமும் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்ததும் நம் கொல்லைப்புறத்து அந்திமந்தாரையில்தான். மெண்டலின் விதிகளை 1900-ல் மீண்டும் உலகுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல் காரன்ஸ், இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்த அந்திமந்தாரையை எடுத்து ஆராய்ந்து 1909-ல் முடிவுகளை வெளியிட்டார். அப்படிப்பட்ட செடியில் சில கிளை முழுப் பச்சையாகவும், சில கிளை வெளுத்தும், மற்றவை திட்டுத்திட்டாகவும் இருக்கும். பச்சைக் கிளையில் காய்த்த விதை பச்சை நாற்றையே தந்தது. வெளுத்த கிளையின் விதை வெள்ளை நாற்றாக முளைத்து, உணவு தயாரிக்க வழியின்றிச் செத்தது. திட்டுக் கிளையின் விதையிலிருந்து மூன்று விதமும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை. காரணம், பச்சையம் இருக்கும் பசுங்கணிகம் சூல் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. திட்டு இலைச் செடியின் விதையை எடுப்பவர்கள் பூவைப் பார்க்க வேண்டியதில்லை. எந்தக் கிளை என்று பார்த்தால் போதும்.

நர்சரிக்காரர் சொல்லும் ஹைபிரிட்டையும் அந்திமந்தாரையிலேயே விளக்கலாம். சிவப்புக்கும் வெள்ளைக்கும் கலப்புச் செய்தால் முதல் தலைமுறை முழுவதும் இளஞ்சிவப்பு. எல்லாச் செடியும் ஒரே மாதிரி. இதைத்தான் எஃப்1 என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்கிறார்கள். அந்த இளஞ்சிவப்பிலிருந்து விதை எடுத்து விதைத்தால், சராசரியாக நான்கில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இரண்டு இளஞ்சிவப்பு. ஆக, 'இதே பூ வராது' என்று அவர் சொல்வது சரி. ஆனால் பூவே வராது என்று அதைப் புரிந்துகொள்வது தவறு. எஃப்1 ஜின்னியாவின் விதையிலிருந்து உயரம், நிறம், இதழடுக்கு எல்லாவற்றிலும் வேறுபட்ட ஒரு பாத்தி கிடைக்கும். பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைப் பூத்ததும் பிடுங்கி, இப்படி ஆறேழு தலைமுறை தொடர்ந்தால் ஓரளவு நிலைத்த சொந்த வகை ஒன்று கையில் இருக்கும். பூந்தோட்டத்தில் இதற்கான இடம் காய்கறித் தோட்டத்தை விட அதிகம். பாதிச் செடி எதிர்பார்த்தபடி வராவிட்டால் கத்திரிக்காய் விவசாயிக்கு நஷ்டம். பூப்பாத்தியில் அது ஒரு பருவத்தின் பலநிறக் காட்சி, அவ்வளவுதான்.

விதை முற்றுவதைக் கண்டுகொள்வதில்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆயுதபூஜை முடிந்ததும் வாசலில் கட்டிய செண்டுமல்லி மாலையைக் காயவைத்து விதைப்பது நம் வீடுகளில் வழக்கம். கொத்தாகக் கறுப்பு ஊசி போல விதைகள் உதிரும். முளைப்பது மிகக் குறைவு. மாலைக்குப் பூவை இளமையிலேயே பறித்துவிடுகிறார்கள். மகரந்தம் சேர்ந்து உள்ளே கரு வளர்வதற்குச் செடியில் அந்தப் பூ இன்னும் பல வாரம் இருந்திருக்க வேண்டும். ஊசியின் கறுத்த பாதியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக நின்றால் உள்ளே விதை இருக்கிறது, தட்டையாக மடங்கினால் வெறும் தோல். ஜின்னியாவுக்கும் இதே சோதனைதான். காசித்தும்பையில் காய் பருத்து, பச்சை வெளுத்து, உள்ளே பழுப்பு விதைகளின் நிழல் தோலில் தெரியும். உள்ளங்கையைக் கிண்ணமாக அடியில் பிடித்துக்கொண்டு நுனியைத் தொட்டால், காய்த்தோல் ஐந்து கீற்றாகச் சுருண்டு விதைகளைக் கையில் கொட்டிவிடும். பத்துமணிப்பூவின் காய்க்குத் தொப்பி போல ஒரு மூடி உண்டு. அது கழன்றால், கீழே சின்னக் கோப்பையில் ஈயநிறப் பொடியாக விதை நிற்கும், காற்றடித்தால் போய்விடும். கோழிக்கொண்டைக்கு இந்த அவசரமெல்லாம் இல்லை. கொண்டையைக் காகிதத்தின் மேல் தலைகீழாகத் தட்டினால் மினுமினுக்கும் கறுப்பு விதை மணல் போலக் கொட்டும்.

உலர்த்துவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத் தமிழ்நாட்டில் விதை செத்துப்போவது இங்கேதான். விதையியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் இரட்டிக்கிறது. வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறையும்போதெல்லாம் இன்னொரு முறை இரட்டிக்கிறது. துல்லியமான விதி அல்ல, கைக்கணக்கு. ஆனால் அது சொல்வது பெரிய விஷயம். விதை, தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் தட்டில் பரப்பி வைத்தாலும் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கீழே விதை காயாது. கைக்கு மொறுமொறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே அது மூச்சுவிட்டு, தன் சேமிப்பைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி வீட்டிலேயே இருக்கிறது. பச்சரிசியை வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்து, காற்றுப் புகாத பாட்டிலில் அரைவாசி நிரப்பி, மூடி ஆறவிட வேண்டும். விதையைக் காகிதப் பொட்டலமாக மடித்து அதன் மேல் வைத்து இறுக மூடினால், ஈரத்தையெல்லாம் அரிசி இழுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரம் கழித்து விதையை வேறு சிறு பாட்டிலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம். சிலிக்கா ஜெல் பொட்டலமும் இதே வேலையைச் செய்யும். நம் பாட்டிமார் விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்ததும் இதே நோக்கத்தில்தான். சாம்பல் ஈரத்தையும் வாங்கியது, வண்டையும் அண்டவிடவில்லை. சங்குப்பூ விதையில் வண்டு விழுவது சாதாரணம் என்பதால் அதற்கு மட்டும், நன்றாகக் காய்ந்த பின் சில நாள் ஃப்ரீசர் வாசம் நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து, அவ்வளவு பாடும் வீணாகும். உச்சிவெயிலில் மொட்டைமாடித் தளத்தில் ஈரவிதையைப் போடுவதும் கூடாது. அந்தச் சூட்டில் கரு வெந்துவிடும்.

எவ்வளவு நாள் தாங்கும் என்பது செடியைப் பொறுத்தது. ஜின்னியா, காசித்தும்பை, கோழிக்கொண்டை எல்லாம் உலர்வாக வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தின் விதை பொறுக்காது. பறித்த சூட்டோடு விதைத்தால்தான் நன்றாக முளைக்கும். கொம்பு போன்ற அதன் இரட்டைக் காய் வெடித்தால், இரு முனையிலும் பஞ்சு முளைத்த விதைகள் பறந்துவிடும் என்பதால் காயை முன்கூட்டியே நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். குச்சியில் வளர்ந்த அடீனியத்துக்கு விதையில் வந்ததைப் போன்ற பருத்த அடித்தண்டு அமைவதில்லை. இந்தச் செடிக்கு விதைதான் அழகே. மறுகோடியில் நிற்பது கல்வாழையும் தாமரையும். அர்ஜென்டினாவில் ஒரு பழைய கல்லறையில் கிடைத்த கிலுகிலுப்பைக்குள் இருந்த கல்வாழை விதை சுமார் 600 ஆண்டுக்குப் பின் முளைத்தது. சீனாவில் வற்றிய ஏரிப்படுகையிலிருந்து எடுத்த தாமரை விதை ஏறத்தாழ 1,300 ஆண்டு கழித்து முளைத்தது. இரண்டுக்கும் தண்ணீர் புகாத கல் போன்ற தோல். ஆகவே வீட்டில் விதைக்கும்போது அந்தத் தோலை உப்புத்தாளில் ஓரிடத்தில் தேய்த்து உள்வெள்ளை தெரிந்த பின் ஊறவைத்தால்தான் முளைக்கும். சங்குப்பூவுக்கும் இந்த வைத்தியம் பலிக்கும்.

முளைப்பைப் பற்றி மற்றபடி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்துமணிப்பூ விதைக்கு வெளிச்சம் வேண்டும். மணலோடு கலந்து மேலே தூவினால் போதும், மூடக் கூடாது. நித்தியகல்யாணிக்கு இருட்டு வேண்டும். முளை தெரியும்வரை தட்டை மூடி வைப்பது நல்லது. மற்ற பலவற்றுக்கு விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். நாற்றழுகல் வந்தால் பெரும்பாலும் தண்ணீர் மிஞ்சியதுதான் காரணம். டிரைக்கோடெர்மா விரிடி கலந்த தென்னைநார்க் கழிவும் காற்றோட்டமும் அதைத் தடுக்கும். சில நோய் விதையோடே வரும். ஜின்னியாவின் இலைப்புள்ளி நோய்களில் பூஞ்சையால் வருவதும் பாக்டீரியாவால் வருவதும் விதை வழியாகப் பரவுபவை. புள்ளி விழுந்த செடி எவ்வளவு நன்றாகப் பூத்திருந்தாலும் அதிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

விதையே எடுக்கக் கூடாத செடிகளும் உண்டு. அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, பறவைகள் தின்று எச்சமிட்ட விதை வழியாகப் பரவி, இன்று முதுமலைக் காட்டில் மான் மேயும் புல்லை மறைத்து நிற்கிறது. காட்டோரத்தில் வீடு உள்ளவர்கள் பறவை விரும்பும் பழமுள்ள அயல்செடிகளின் விதையை வாங்கவும் கொடுக்கவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வெளிநாட்டு உறவினர் கைப்பையில் விதை கொண்டுவருவதும் அப்படித்தான்; தாவரத் தடுப்புக்காப்பு விதிகள் இருப்பது காரணமில்லாமல் அல்ல.

இனித் தேர்வு. காய்கறியில் நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரையிலும் பீர்க்கிலும் நல்ல கொடியில் முதல் காய்ப்பில் திரண்ட காயை, 'இது விதைக்கு' என்று துணி கட்டி அடையாளம் வைத்து, யாரும் பறிக்காமல் முற்றவிடுவார்கள். அதே வீட்டில் பூச்செடிக்கு நேர் எதிர் வழக்கம். முதலில் பூத்த பெரிய அடுக்குப் பூவெல்லாம் சாமி படத்துக்கும் தலைக்கும் போய்விடும். செடி களைத்து, இலை மஞ்சளித்து, பருவம் முடியும் நேரத்தில் ஒற்றை இதழாகப் பூத்த கடைசிப் பூக்கள்தான் காயாக நிற்கும். அவற்றைத்தான் உருவி எடுத்துப் பொட்டலம் கட்டுகிறோம்.

ஒரே செடியில் முதல் பூவுக்கும் கடைசிப் பூவுக்கும் மரபுக்குணத்தில் வேறுபாடு இல்லை. கடைசி விதை சற்று நோஞ்சானாக இருக்கும், அவ்வளவுதான். உண்மையான சேதம் பாத்தி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது நடக்கிறது. எல்லோரும் விரும்பிப் பறித்த செடி விதை விடவில்லை. யாரும் தொடாத செடி நிறைய விதை விட்டது. காசித்தும்பையில் இது இன்னும் மோசம். அடுக்குப் பூவில் மகரந்தத்தாள் பல இதழாக மாறிவிடுவதால் இயல்பாகவே காய் குறைவு; ஒற்றைப் பூச்செடியோ காயாகக் காய்த்துத் தள்ளும். கைக்கு வந்ததை உருவினால் பொட்டலத்தில் பெரும்பகுதி ஒற்றையின் விதைதான். நாலைந்து வருடத்தில் பாத்தி ஒற்றையாகி, நிறமும் மங்கியதும் 'விதை கெட்டுப்போச்சு' என்கிறோம். விதை கெடவில்லை, நாம் அறியாமலேயே ஒற்றைக்கென்று தேர்வு நடத்தியிருக்கிறோம்.

இதே தேர்வை வேண்டுமென்றே நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சாட்சி உண்டு. அமெரிக்காவின் பர்ப்பீ விதை நிறுவனம், தூய வெள்ளைச் செண்டுமல்லியைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1954-ல் அறிவித்தது. 1975-ல் அந்தப் பரிசை வாங்கியவர் ஐயோவா மாநிலம் சல்லி ஊரைச் சேர்ந்த ஆலிஸ் வாங்க் என்ற வீட்டுத் தோட்டக்காரப் பெண்மணி. ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. ஒவ்வொரு பருவமும் இருப்பதிலேயே வெளுத்த, பெரிய பூவின் விதையை மட்டும் எடுத்து அடுத்த பருவத்தில் விதைத்தார். பல்லாண்டுகள் அதையே செய்தார். சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தேடிய நிறுவனத்துக்குக் கிடைக்காதது அவர் பாத்தியில் பூத்தது.

இதைவிட நுட்பமான வேலை ஜப்பானில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 1850-களிலும் எடோவிலும் ஒசாகாவிலும் அசாகாவோ எனப்படும் காலைமலர்க் கொடியின் விசித்திர வடிவங்கள் மேல் மக்களுக்குப் பெரும் மோகம். இதழ் கிழிந்து நூலானவை, பூவுக்குள் பூ அடுக்கியவை என்று பலவிதம். அவற்றில் மிக அழகான செடிகள் விதையே விடாதவை. அப்படியும் அந்த வகைகள் அழியவில்லை. அதே காயிலிருந்து பிறந்து, சாதாரணமாகப் பூத்த உடன்பிறப்புகளின் விதையைத் தனித்தனிப் பொட்டலமாக எடுத்து விதைத்தார்கள். எந்தப் பொட்டலத்தில் மீண்டும் அந்த விசித்திரப் பூ தலைகாட்டுகிறதோ, அந்தச் செடியின் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். மெண்டல் தன் பட்டாணி முடிவுகளை வெளியிட்ட 1866-க்கு முன்பே ஒடுங்கு குணத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த வழியில் வந்த விதைகள் இன்றும் கியூஷூ பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நம் அடுக்குக் காசித்தும்பைக்கு இது நேராகப் பொருந்தும். அடுக்குச் செடி காய்க்கவில்லையென்றால் அதே காயிலிருந்து வந்த கூடப்பிறந்த செடியைப் பாருங்கள், பக்கத்துப் பாத்திச் செடியை அல்ல.

தேர்வுக்கு ஒரு எல்லையும் இருக்கிறது. காலைமலர்க் கொடியைப் பத்துத் தலைமுறை தன்மகரந்தத்திலேயே வளர்த்துப் பார்த்தார் டார்வின். அயல்மகரந்தச் செடிகளின் உயரம் 100 என்றால் இவற்றின் சராசரி 77 தான் என்று 1876-ல் வந்த தன் நூலில் எழுதினார். ஆறாம் தலைமுறையில் அந்தப் போக்கை மீறி ஒரு செடி தன் எதிர்ச்செடியை விட உயர்ந்தது. அதற்கு அவர் 'ஹீரோ' என்றே பெயரிட்டார். விதிவிலக்கு அது. ஜின்னியா, காஸ்மாஸ், செண்டுமல்லி போன்று பூச்சியை நம்பி இருப்பவற்றில் ஒரே அழகான செடியின் விதையை மட்டும் வருடாவருடம் எடுத்தால் வம்சம் குன்றும். பத்துச் செடியாவது கலந்து எடுக்க வேண்டும். சங்குப்பூவுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை, ஒரு நல்ல கொடி போதும்.

ஆக, ஆடிப்பட்டத்தில் விதைத்தது பூக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வேலை ஆரம்பிக்கிறது. அன்றைக்குப் பாத்தியில் பிடித்த செடிகளுக்குத் தண்டில் வண்ண நூல் கட்டி, வீட்டில் எல்லோரிடமும் இதில் பூப்பறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பிடிக்காததை மற்றவற்றோடு மகரந்தம் கலக்கும் முன் பிடுங்கிவிடலாம். காய் முற்றுவது வடகிழக்கு மழைக்குள் மாட்டிக்கொண்டால், தை பிறந்தபின் இரண்டாம் முறை விதைத்து பங்குனி வெயிலில் விதை எடுப்பது நல்லது. பொட்டலத்தின் மேல் செடியின் பெயரும் வருடமும் மட்டும் போதாது. எந்தச் செடி, அதில் பூ எப்படி இருந்தது, பக்கத்தில் வேறு என்ன நிறம் பூத்திருந்தது, பை போட்டதா இல்லையா என்பதையும் எழுத வேண்டும். கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு விதைப் பொட்டலம் கொடுக்கும் நல்ல வழக்கம் சில வீடுகளில் இப்போது தொடங்கியிருக்கிறது. வாங்கிப் போகிறவர், தன் பாத்தியில் எதை வைத்துக்கொண்டு எதைப் பிடுங்குவது என்று முடிவு செய்ய அந்த நாலு வரி வேண்டும்.